‘வேலை இல்லாதவள்’ என்று எழுதியது யார்?
வாசகர் கேள்வி – பதில்

மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவள் நான். அதனால் எண், சதவீதம் என்று எழுதப்பட்ட கடிதம் எது வந்தாலும் ஆசிரியர் குழு என் பக்கம் தள்ளிவிடுகிறது. ‘பெண்களும் வேலையும்’ பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்திருக்கிறேன்.

“இந்தியாவில் பத்துப் பெண்களில் நாலு பேர்தான் வேலை செய்கிறார்கள். ஆண்களில் எட்டு பேர். இது அரசாங்கக் கணக்கு. குடும்பத்தை யார் சுமக்கிறார்கள் என்று நீயே பார்த்துக்கொள்” என்று பேப்பரைக் காட்டிச் சொல்கிறார் என் கணவர். நான் மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். அவருக்கு என்ன பதில் சொல்வது?
*– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்*

அவர் படித்த எண் சரியானதுதான். பி.எல்.எஃப்.எஸ். என்று சொல்லப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24-இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 41.7 சதவீதம் பேர் உழைப்பாளர் கணக்கில் வருகிறார்கள். ஆண்களில் 78.8 சதவீதம். வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்த எண் இது.

மீதி 58 சதவீதப் பெண்கள் எங்கே என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு எண் எழுதுவோம். சொந்தத் தொழில் செய்பவர் என்றால் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவர் 21. மாதச் சம்பளக்காரர் 31. இந்த வரிசையில் 92 என்று ஒன்று இருக்கிறது, ‘வீட்டு வேலை மட்டும் செய்பவர்’. அடுத்தது 93. அது வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, மாட்டுக்குத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்காகத் துணி தைப்பது என்று செய்பவர்களுக்கானது. 92, 93 விழுந்த எல்லோரும் ‘உழைப்பாளர் அல்லாதோர்’ பக்கம் போய்விடுவார்கள். மதிய வெயிலில் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவளும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் விஷயம் இதிலும் சேராது. பால் விற்கிறீர்கள், அது வருமானம் தரும் தொழில். விதிப்படி 11-ஓ 21-ஓ விழ வேண்டும். ஆனால் விழுமா என்பது, அன்றைக்கு வாசலில் யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கொங்குப் பக்கம் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். திண்ணையில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்து, வீட்டுக்காரரே எல்லாருக்கும் பதில் சொன்னார். சம்சாரம் என்ன செய்கிறார் என்றால், “அவ ஊட்டோடதானுங்க இருக்கறா” என்றார். அதை அப்படியே எழுதியிருந்தால் 92. கட்டுத்தரையில் நாலு உருப்படி நின்றது கண்ணுக்குத் தெரிந்ததால் விடாமல் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார்? அவதான். சாணி அள்ளுவது? அவதான். பால் கறப்பது, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது? அதுவும் அவதான். சொசைட்டி பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது? “என்ற பேர்லதானுங்க.” அந்த அம்மாவுக்கு 21 எழுதினேன். அவர் சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றபோது படிவத்தில் அந்தப் பக்கமே முடிந்திருந்தது.

கேள்வியை இரண்டு தடவை கூடுதலாகக் கேட்டதில் ஒரு பெண் ‘வேலை இல்லாதவர்’ பக்கத்திலிருந்து ‘உழைப்பாளி’ பக்கத்துக்கு வந்துவிட்டார். கேட்க நேரமில்லாத நாளில், கேட்கத் தோன்றாத ஆள் போன இடத்தில், எத்தனை பேர் 92-இல் தங்கிப்போயிருப்பார்கள்! இது என் ஊகம் மட்டும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1961-இல் நாட்டுப் பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உழைப்பாளர்கள் என்று பதிவானது. 1971-இல் அது சுமார் 12 சதவீதம்! பத்து வருஷத்தில் உழைத்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேருக்கு மேல் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டார்களா? இல்லை. 1961-இல், பருவ காலத்தில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தாலே உழைப்பாளி என்று எழுதினார்கள். 1971-இல் ‘உங்கள் முதன்மையான வேலை எது’ என்று கேட்டார்கள். சமையலும் பிள்ளையும்தான் முதன்மை என்று பதில் வந்தது. அதோடு அவர்களுடைய வயல்வேலை கணக்கிலிருந்து கழன்றுபோனது. 1974-இல் வெளிவந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அரசுக் குழுவின் அறிக்கை இந்தக் காலத்துப் பெண்களின் நிலையைத்தான் அலசியது. அதன் பிறகு பொருளாதார அறிஞர் தேவகி ஜெயின் போன்றவர்கள் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் கிராமங்களுக்குப் போய், பெண்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் குறித்தார்கள். ‘உழைப்பாளர் அல்லாதோர்’ என்று எழுதப்பட்டவர்கள் களத்திலும் கட்டுத்தரையிலும் பாடுபடுவது அப்படித்தான் எண்ணாக வெளியே வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியில் ‘நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமின்றிச் செய்த வேலை உட்பட’ என்று சேர்த்ததற்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

சரி, வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது? அவர் எண்ணை மறுக்காதீர்கள். “அந்த நாற்பத்திரண்டில் நான் இருக்கிறேனா, இல்லையா?” என்று மட்டும் கேளுங்கள். பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையில் ஆண்கள் தினம் ஒன்றரை மணி நேரம் செலவிடுவதாக ஒரு செய்தியில் படித்தேன். என் வீட்டில் மகனும் சரி, அவன் அப்பாவும் சரி, தட்டைக்கூட நகர்த்துவதில்லை. இந்தக் கணக்கை எப்படி நம்புவது?
*– ஒரு வாசகி, விருதுநகர்*

நீங்கள் படித்தது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் எண். 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஒத்திகை பார்த்து, 2019-இல்தான் நாடு முழுக்க நடத்தினார்கள். அதில் நானும் வேலை பார்த்தேன். முந்தின நாள் காலை நாலு மணியிலிருந்து மறுநாள் காலை நாலு மணிவரை, அரை அரை மணியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஆண்களிடம் சீக்கிரம் முடிந்துவிடும். பெண்களிடம் காலை ஆறிலிருந்து எட்டுவரை உள்ள நாலு கட்டத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அரிசியைக் களைந்து போட்டது, பெண்ணுக்குச் சடை பின்னியது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எல்லாம் ஒரே அரை மணியில் கிடக்கும். “காலையில என்ன செஞ்சீங்க” என்றால் “வேலைதான்” என்பார்கள். அடுப்பை எப்போது பற்றவைத்தீர்கள், தண்ணீர் வந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் ஒவ்வொன்றாக வரும்.

அந்தக் கணக்கெடுப்பில் வந்த எண்கள் இவை: சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். நீங்கள் படித்த ஒன்றரை மணி நேரம் இதுதான். ஆனால் இது *வீட்டு வேலை செய்தவர்களின்* சராசரி. அன்றைக்கு அந்த வேலையைத் தொட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம்தான். ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தது இது, பள்ளிப் பிள்ளைகள் உட்பட. மீதி 74 சதவீத ஆண்களை வெளியே விட்டுவிட்டு எடுத்த சராசரிதான் அந்த 97. எல்லா ஆண்களுக்கும் பங்கு போட்டுப் பாருங்கள், நாளுக்கு 25 நிமிடம் வரும். எல்லாப் பெண்களுக்கும் போட்டால் 243 நிமிடம். இரண்டு ஜோடி எண்களும் ஒரே அறிக்கையின் கணக்கிலிருந்து வருபவை. 97-ஐப் போடுகிற பத்திரிகை பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் வீடு அந்த 97-இல் கிடையாது, 74 சதவீதத்தில் இருக்கிறது.

2024-இல் மறுபடி எடுத்தார்கள். செய்தவர்களின் சராசரி பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்பது இரண்டாவது எண்ணிலேயே தெரிகிறது.

மகனுக்கு இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அவன் வயதில் கற்றுக்கொண்டால்தான் உண்டு.

எங்கள் கல்லூரி விவாத மேடையில் “கணக்கும் அறிவியலும் பெண்களுக்கு வராது” என்று ஒரு மாணவர் பேசினார். பதிலடிக்குச் சில எண்கள் வேண்டும்.
*– கல்லூரி மாணவி, திருச்சி*

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில், நாட்டில் அறிவியல் பாடப் பிரிவுகளில் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். நம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாணவிகள் முந்துவது வருஷா வருஷம் பார்ப்பதுதான். 2024-இல் மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. விமானம் ஓட்டுபவர்களில் இந்தியாவில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் அது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பெண்களின் மூளைதான் காரணம் என்றால் அது நாட்டுக்கு நாடு மூன்று மடங்கு மாறாதே, கண்ணு. இதை மேடையில் கேள்.

ஒன்று மட்டும் கவனம். பிளஸ் டூ தேர்ச்சியை வைத்து “பையன்கள் மக்கு” என்று பேசிவிடாதே. பல பையன்கள் படித்துக்கொண்டே கூலி வேலைக்குப் போவதும் அந்த எண்ணுக்குள் இருக்கலாம். எதிராளி செய்த தப்பை நீயும் செய்தால் நடுவர் எப்படி உன் பக்கம் நிற்பார்?

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். தரப் பரிசோதனைக்கும் ஆபீசுக்கும் என்று இதுவரை ஐந்து பெண்களை எடுத்தேன். நாலு பேர் கல்யாணம் ஆனதும் நின்றுவிட்டார்கள். வேலை பழக்கி விடுகிற செலவு என்னுடையது. இப்போது பெண்களை எடுப்பதில்லை. அனுபவத்தில் கிடைத்ததும் ஒரு புள்ளிவிவரம்தானே?
*– ஒரு வாசகர், கோவை*

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, தம்பி. பல முதலாளிகள் இதை மனசில் வைத்துக்கொண்டு வெளியே வேறு காரணம் சொல்கிறார்கள்.

ஐந்தில் நாலு என்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி உங்கள் மேசை டிராயரிலேயே இருக்கிறது. பி.எஃப். பதிவேட்டை எடுங்கள். அதே வருஷங்களில் எத்தனை ஆண்களை எடுத்தீர்கள், அதில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்கள் சராசரியாக எத்தனை மாதம் வேலையில் இருந்தார்கள் என்று எண்ணுங்கள். கோவைப் பட்டறைகளை எனக்குத் தெரியும். பக்கத்துப் பட்டறையில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றால் பையன் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவான். சி.என்.சி. என்கிற கணினி இயந்திரம் பழகிவிட்டால் ஓசூர், பெங்களூரு என்று கிளம்பிவிடுவான். அவன் போனால் “அந்தப் பையன் போய்விட்டான்” என்று சொல்கிறோம். ஒரு பெண் போனால் “பெண்கள் இப்படித்தான்” என்கிறோம். ஆண்களின் கணக்கு ஆளாளுக்குத் தனியாக மறந்துபோகிறது, பெண்களின் கணக்கு மொத்தமாக ஞாபகத்தில் நிற்கிறது. உங்கள் ‘ஐந்தில் நாலு’ மனசில் பதிந்தது இந்த வழியில்தான். எண்ணிப் பார்த்த பிறகும் பெண்களே அதிகம் வேலையை விட்டிருந்தால், அப்போது பேசுவோம். ஆனால் எண்ணாமல் முடிவெடுக்காதீர்கள். ஐந்து பேர் மிகச் சின்ன எண்ணிக்கை. ஒரு ஆள் மாறினாலே இருபது சதவீதம் மாறும்.

அடுத்தது, நின்ற நாலு பேரிடமும் ஏன் என்று கேட்டீர்களா? தேசியக் கணக்கெடுப்பில் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே உள்ள பெண்களிடம் காரணம் கேட்கிறார்கள். குழந்தை வளர்ப்பும் வீட்டுப் பொறுப்பும் என்று சொல்கிறவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். வேலை பிடிக்காமல் போகிறவர்கள் இல்லை இவர்கள். ஷிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு பஸ் இல்லாததால் ஒருத்தி நின்றிருக்கலாம். எட்டரைக்குப் பதில் ஒன்பதரைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தால் இன்னொருத்தி இருந்திருக்கலாம்.

பேறுகால விடுப்புச் செலவுதான் பயம் என்றால், ஒரு தகவல் சொல்கிறேன். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரம். உங்கள் பட்டறை தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்து, அந்தப் பெண்ணின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், தகுதி நாட்களை முடித்தவருக்கு அந்தக் காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். உங்கள் கையிலிருந்து போகாது. மாதா மாதம் பங்கு கட்டிக்கொண்டே இது தெரியாமல் இருக்கிற முதலாளிகளைக் களப்பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்காது, ஆனால் நாலு பட்டறை சேர்ந்து ஒரு அறையும் ஒரு ஆயாவும் ஏற்பாடு செய்யச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை.

பெண்கள் ஆலைக்கு லாயக்கில்லை என்ற பேச்சு உங்கள் ஊரில் எடுபடவே கூடாது. 2019-20 ஆலைகள் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் சுமார் 16 லட்சம். அதில் ஏறக்குறைய 6.8 லட்சம் பேர், அதாவது 43 சதவீதம், தமிழ்நாட்டில். திருப்பூர் பனியன் கம்பெனிகள், திண்டுக்கல் வரைக்கும் உள்ள நூற்பாலைகள், ஆம்பூர் பக்கத்துச் செருப்பு ஆலைகள், ஸ்ரீபெரும்புதூர் எலக்ட்ரானிக்ஸ் என்று எங்கும் அவர்கள்தான். இந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும் கைவிரல் வேறு மாதிரி படைக்கப்படவில்லை. இங்கே பள்ளிக்கூடம் இருந்தது, பஸ் இருந்தது, முன்னால் போன அக்காக்கள் இருந்தார்கள். இரவு ஷிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு முதல் காலை ஆறு வரை ஆலையில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்து, பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை என்று நிபந்தனைகள் போட்டது. அதுவரை கதவைப் பூட்டி வைத்துவிட்டு, “பெண்கள் இரவு வேலைக்கு வருவதில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நூறு நாள் வேலைத் திட்டத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பல வருஷங்கள் அதன் வேலை நாட்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையது. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வெயிலில் மண் வெட்டுகிற அந்த வேலைக்கே வந்தார்கள். உங்கள் தரப் பரிசோதனை அறைக்கு வரமாட்டார்களா?

பதிவேட்டை எண்ணிவிட்டு மறுபடியும் எழுதுங்கள். என்ன வந்தாலும் அடுத்த இதழில் போடுகிறோம்.

பெண்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் கேலி செய்கிறார்கள். விபத்தில் சிக்குவோர், விபத்து செய்வோர் பெரும்பாலும் ஆண்கள்தான் என்று அரசு அறிக்கையே சொல்கிறதே. அதைப் பதிலாகப் போடலாமா?
*– ஒரு வாசகி, சென்னை*

போடாதீர்கள். 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள் என்பது உண்மைதான். ஆனால் சாலையில் வண்டி ஓட்டுபவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள்தானே. லாரி, பஸ், டெலிவரி பைக் என்று நாள் முழுக்க ஓட்டுவது அவர்கள். யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று தெரிய, ஒவ்வொருவரும் ஓட்டிய கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து என்று பார்க்க வேண்டும். கீழ் எண் இல்லாத மேல் எண்ணை நம் பக்கத்துக்கு வசதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், நாளை அதே மாதிரி எண்ணை அவர்கள் கொண்டுவரும்போது மறுக்க முடியாது. கேலி செய்பவரிடம் உங்கள் ஆதாரம் என்ன என்று கேளுங்கள். அவரிடமும் எதுவும் இருக்காது.

பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 ஆகிவிட்டது. ஆறே வருஷத்தில் இவ்வளவு முன்னேற்றம். இன்னமும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்*

ஐயா, உயர்ந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். எப்படி உயர்ந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் கணக்கில் வருபவர்கள் இதே ஆறு வருஷத்தில் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதம் ஆகியிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவர்களின் பங்கு 21-லிருந்து 15.9-க்குக் குறைந்திருக்கிறது. சுயதொழில் என்றதும் கடை வைத்த முதலாளியம்மா கண்ணில் வருவார். நான் முதலில் சொன்ன 21, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவரும் இதற்குள்தான் இருக்கிறார். கணவர் நிலத்தில், மாமனார் கடையில். அவர்களை எண்ணுவது நியாயம், எண்ணியே ஆக வேண்டும். ஆனால் எண்ணப்பட்டதாலேயே அவர்கள் கையில் காசு வந்துவிடவில்லை. ஆகவே இந்த எண்ணை ‘வேலைவாய்ப்பு பெருகிவிட்டது’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விபத்தில் என் அக்கா இறந்துபோனார். வீட்டில் இருந்தவர்தானே, வருமானம் ஏது என்று எதிர்த்தரப்பில் பேசுகிறார்கள். கேட்கவே தாங்க முடியவில்லை. சட்டத்தில் இதற்கு மதிப்பே இல்லையா?
*– ஒரு வாசகி, மதுரை*

உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன், அம்மா. மதிப்பு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அருண் குமார் அகர்வால் வழக்கில், இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போரோடும் சிறைக் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டைக் கவனித்தவருக்கும் ஒரு உத்தேச வருமானத்தை வைத்து, எதிர்கால உயர்வையும் சேர்த்தே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்ற நிலையை அந்தத் தீர்ப்பு எடுத்தது. நீதிபதி என்.வி. ரமணா தன் தீர்ப்பில் மேற்கோள் காட்டியது, நான் மேலே சொன்ன அதே 299 – 97 நிமிடக் கணக்கைத்தான். வீட்டு வேலையே முதன்மைத் தொழில் என்று 2011-இல் பதிவான பெண்கள் ஏறக்குறைய 16 கோடி, ஆண்கள் 57.9 லட்சம் என்பதையும் அதில் எடுத்துச் சொன்னார். அரை மணிக் கட்டத்தை நிரப்பப் பொறுமையாகப் பதில் சொன்ன பெண்களின் பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போனதைப் படித்த அன்று என் கண் கலங்கிவிட்டது.

இந்த இரண்டு வழக்குகளின் பெயரையும் உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். சொத்து விஷயம் என்றால், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பும் உண்டு. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்.

நாற்று நடவு, களை, அறுப்பு, நெல் காயவைப்பது என்று எங்கள் சொந்த நிலத்தில் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எந்த ஆபீசர் வந்தாலும் விவசாயி என்று என் வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுதுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்கிறார்களே, அப்போது நான் என்ன சொல்ல வேண்டும்?
*– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி பக்கம்*

பட்டா அவர் பெயரில் இருப்பதால் அப்படி எழுதுகிறார்கள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில், நாட்டில் பெண்கள் பெயரில் நடக்கும் நிலங்கள் நூற்றுக்குப் பதினாலுதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பட்டா தேவையில்லை. யார் பெயரில் நிலம் என்பது ஒரு விஷயம், யார் அதில் உழைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

2027 கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் கட்டம் பிப்ரவரி மாதம். வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராக இருப்பார். உங்களைப் பற்றிய கேள்விக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள், அடுப்பில் வேலை இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். “கடந்த ஒரு வருஷத்தில் வேலை செய்தீர்களா” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். எத்தனை மாதம் என்பது முக்கியம். சென்ற கணக்கெடுப்பில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவர்களை முதன்மை உழைப்பாளர் என்றும், அதற்குக் குறைந்தவர்களைக் குறு உழைப்பாளர் என்றும் பிரித்தார்கள். நடவு மாதங்களை மட்டும் சொல்லாதீர்கள். நாற்றங்கால் விட்டதிலிருந்து, தாளடி அறுத்து நெல் காயவைத்தது, உளுந்து பறித்தது, ஆடு மாடு பார்த்தது வரை விரல் விட்டு எண்ணி மொத்தமாகச் சொல்லுங்கள். என்ன வேலை என்றால் ‘விவசாயி’ என்று சொல்லுங்கள். ‘கூலி’ என்று அவராக எழுதப் போனால், இது எங்கள் குடும்ப நிலம் என்று சொல்லித் திருத்துங்கள். விவசாயி வேறு கட்டம், விவசாயத் தொழிலாளி வேறு கட்டம்.

வேலை செய்வதாகச் சொன்னால் உரிமைத் தொகை நின்றுவிடும், ரேஷன் கார்டு மாறிவிடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் நடக்காது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, நீங்கள் சொல்லும் தனிப்பட்ட விவரங்களை வேறு எந்தத் துறைக்கும் கொடுக்கக் கூடாது, கோர்ட்டில் சாட்சியாகவும் எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள், நடவு வயலில் பேசிக்கொள்ள நேரம் இருக்கும்.